வில்னியஸை முதுகுப்பையோடு சுற்றிவர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லித்துவேனியாவின் தலைநகரான வில்னியஸுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஜூன் மாதத்தில் ஆறு நாள். அடுத்தது ஜனவரியில் ஐந்து நாள். இரண்டு முறையும் தனியாக, ஒரே முதுகுப்பையோடு. அங்கே போக நினைக்கும் நண்பர்களும் அவர்கள் வழியாக அறிமுகமானவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

பால்டிக் தலைநகரங்கள் மூன்று இருக்கின்றன. வில்னியஸை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

எஸ்தோனியாவின் தாலினும் லாட்வியாவின் ரீகாவும் கடலைப் பார்த்து வளர்ந்தவை. ஜெர்மானிய வணிகர்களின் கை பட்ட ஊர்கள். வில்னியஸ் உள்நாட்டு ஊர். கடற்கரைக்குப் போக வேண்டுமானால் 300 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். நேரிஸ் ஆற்றில் வில்னியா என்ற சிற்றாறு வந்து சேரும் இடத்தில், ஒரு குன்றின் அடியில் பிறந்த ஊர் இது. 1323-ல் கெதிமினஸ் என்ற மன்னர் ஜெர்மானிய நகரங்களுக்குக் கடிதங்கள் எழுதினார். வணிகர்களே வாருங்கள், கைவினைஞர்களே வாருங்கள், இங்கே உங்களுக்கு இடம் இருக்கிறது என்று அழைத்தார். ஊரின் பெயர் முதன்முதலாக எழுத்தில் பதிவானது அந்தக் கடிதங்களில்தான்.

அழைப்பை ஏற்றுப் பலர் வந்தார்கள். அதற்குப் பின் வந்த நூற்றாண்டுகளில் போலந்துக்காரர்கள், யூதர்கள், ரஷ்யர்கள், பெலருஷியர்கள், தாத்தாரியர்கள் என்று பலரும் வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கொரு பெயர் சொல்லி அழைத்தார்கள்: லித்துவேனியருக்கு வில்னியஸ், போலந்துக்காரருக்கு வில்னோ, இத்திஷ் பேசிய யூதருக்கு வில்னே, ரஷ்யருக்கு வில்னா. இருபதாம் நூற்றாண்டின் இரண்டு போர்களும் இரண்டு ஆக்கிரமிப்புகளும் அந்தப் பெயர்களில் சிலவற்றைச் சொல்ல ஆளில்லாமல் செய்துவிட்டன. தேவாலயக் கோபுரங்களைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பினாலும் இந்த ஊர் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பழைய பெயர்கள் எந்தச் சுவரில், எந்தத் தெருவில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று தேடி நடக்கிறவர்களுக்கே ஊர் முழுதாகத் திறக்கிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அப்படி நடக்க விரும்புகிறவர்களுக்காக எழுதியவை.

எத்தனை நாள் போதும்?

குறைந்தது நான்கு நாள். ரீகாவிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பும் திட்டத்தை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பழைய நகரமே சுமார் 350 ஹெக்டேர் பரப்பு. 1994 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அதை ஒரே நாளில் ஓடி முடித்தால் கால்வலி மட்டும்தான் மிஞ்சும்.

விசா எப்படி?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். லித்துவேனியா 2007 டிசம்பரிலிருந்து ஷெங்கன் வட்டத்தில் இருக்கிறது. மூன்று பால்டிக் நாடுகளுக்கும் போவதாக இருந்தால், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பம் கொடுக்கலாம். கோடைக்காலப் பயணம் என்றால் சீக்கிரமே கொடுத்துவிடுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

மே கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை யாருக்கும் சிரமம் இல்லை. ஜூனில் பகல் 17 மணி நேரம் நீள்கிறது. இரவு பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். வில்னியா ஆற்றங்கரையில் அந்த நேரத்திலும் சிலர் புல்லில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பரில் அதே பகல் ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேலே சுருங்கிவிடும்.

இருந்தாலும் ஜனவரியை ஒதுக்கிவிடாதீர்கள். 13-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு, விடியாத இருட்டில், வீடுகளின், பள்ளிகளின், அலுவலகங்களின் ஜன்னல்களில் மெழுகுவர்த்திகள் ஏற்றப்படும். 1991-ல் அதே நாளில் சோவியத் டாங்கிகள் தொலைக்காட்சிக் கோபுரத்தைக் கைப்பற்ற வந்தபோது, ஆயுதம் ஏதும் இல்லாமல் குறுக்கே நின்ற மக்களில் 14 பேர் இறந்தார்கள். அவர்களுக்கான விளக்கு அது. நான் தங்கியிருந்த விடுதியின் எதிர்வீட்டில், மூன்றாம் மாடி ஜன்னலருகே இரவு உடையோடு ஒரு சிறுவன் வந்து நின்றான். கூடவே ஒரு மூதாட்டி; அவனுடைய பாட்டியாக இருக்க வேண்டும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு திரியைப் பற்றவைத்தான். சுடர் நிலைக்கும் வரை இருவரும் அசையவில்லை. அந்தத் தெருவில் அப்படிப் பதினொரு ஜன்னல்களை எண்ணினேன்.

குளிருக்கு உள்ளே ஒரு கம்பளி அடுக்கு, காற்றுப் புகாத மேல்சட்டை, வழுக்காத அடிப்பாகம் உள்ள காலணி அவசியம். கையுறையைச் சென்னையில் வாங்காமல் அங்கே போய் வாங்குங்கள். இங்கே கிடைப்பவை அந்தக் குளிரைத் தாங்குவதில்லை.

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் எப்படிப் போவது?

ஆறு ஏழு கிலோமீட்டர்தான். ரயில் பத்து நிமிடத்துக்குள் நகர நிலையத்தில் சேர்த்துவிடும். ரயில் இல்லாத நேரத்தில் பஸ் இருக்கிறது. நகர ரயில் நிலையமும் வெளியூர் பஸ் நிலையமும் எதிரெதிரே உள்ளன. அங்கிருந்து பழைய நகரத்தின் தெற்கு வாசலான விடியல் வாசலுக்குப் பத்து நிமிட நடை.

முதுகுப்பை நல்லதா, சக்கரம் வைத்த பெட்டி நல்லதா?

முதுகுப்பை. பழைய நகரத்தின் தெருக்களில் உருண்டைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். பெட்டிச் சக்கரம் இரண்டு தெருவுக்குள் உடைந்துவிடும். பழைய வீடுகளை விடுதிகளாக மாற்றியிருப்பதால் பலவற்றில் லிஃப்டும் கிடையாது.

தங்குவதற்கு எந்தப் பகுதி வசதி?

ரயில் நிலையத்துக்கும் விடியல் வாசலுக்கும் இடைப்பட்ட தெருக்களிலும் பழைய நகரத்துக்குள்ளும் பொதுப்படுக்கை விடுதிகள் உண்டு. எனக்கு ஒரு கட்டில் ஜூனில் இரவுக்கு 22 யூரோவும் ஜனவரியில் 15 யூரோவும் ஆனது. சமையலறை இருக்கிறதா என்று பார்த்து முன்பதிவு செய்யுங்கள்; செலவில் பாதி அதில் மிச்சமாகும்.

ஒரு எச்சரிக்கை. சிறிய விடுதிகள் பலவற்றில் இரவில் வரவேற்பறையில் ஆள் இருப்பதில்லை. கதவுக்கு ஒரு எண்ணை அனுப்பிவிடுவார்கள். முதல் பயணத்தில் நான் இரவு பதினொன்றரைக்குப் போய் இறங்கினேன். எண் வரவில்லை, தொலைபேசியை எடுக்கவும் ஆள் இல்லை. உள்ளே தங்கியிருந்த ஒரு மாணவி வெளியே வந்த பிறகுதான் நுழைய முடிந்தது. அதுவரை முக்கால் மணி நேரம் வாசலில் நின்றேன். கிளம்புவதற்கு முன்பே அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் எங்கிருந்து தொடங்குவது?

விடியல் வாசலிலிருந்து. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பியபோது கட்டிய வாசல்களில் இன்று நிற்பது இது ஒன்றுதான். வாசலின் மேலே ஒரு சிறிய வழிபாட்டு அறை; அதில் கருத்த முகமும் பொன் உடையும் கொண்ட மரியாளின் ஓவியம். கையில் குழந்தை இல்லாத மரியாள். சுவர் முழுக்க வெள்ளியில் செய்த இதயங்கள், கைகள், கால்கள். வேண்டிக்கொண்டு பலித்தவர்கள் செலுத்திய நேர்த்திக்கடன்கள் அவை. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் பிரிவினரும் ஒருசேர வணங்கும் இடம். கீழே தெருவில் போகிறவர்கள் ஒரு கணம் நின்று மேலே பார்த்துவிட்டுத்தான் நடக்கிறார்கள். நீங்களும் தொப்பியைக் கழற்றிவிடுங்கள்.

அங்கிருந்து இறங்கும் தெரு, நகர மன்றச் சதுக்கத்தைத் தாண்டிப் பிலியெஸ் தெருவாக மாறும். பிலியெஸ் என்றால் கோட்டையினுடைய என்று பொருள். இடப்பக்கம் 1579-ல் தொடங்கிய வில்னியஸ் பல்கலைக்கழகம். ஒன்றுக்குள் ஒன்றாகப் பதின்மூன்று முற்றங்கள். நுழைவுக் கட்டணம் உண்டு, கொடுத்துப் பாருங்கள். வலப்பக்கம் திரும்பினால் இலக்கியவாதிகள் தெரு. இந்த ஊரோடு தொடர்புள்ள எழுத்தாளர்களுக்காக, ஆளுக்கு ஒன்றாக, சிறு சிறு கலைப்பொருள்களைச் சுவரில் பதித்திருக்கிறார்கள். போலந்து மொழியின் பெருங்கவிஞர் ஆதம் மித்ஸ்கியேவிச் இந்தத் தெருவில் வாழ்ந்தவர்.

கொஞ்சம் தள்ளிப் புனித அன்னாள் தேவாலயம் இருக்கிறது. 33 வகைச் செங்கற்களால் கட்டிய முகப்பு. இதை உள்ளங்கையில் வைத்துப் பாரிசுக்கு எடுத்துப் போக நெப்போலியன் ஆசைப்பட்டதாக ஒரு கதை சொல்வார்கள். கதைக்கு ஆதாரம் இல்லை. நெப்போலியனின் படை பற்றிய உண்மைக்கு ஆதாரம் உண்டு: 2001-ல் ஊருக்கு வடக்கே கட்டுமானப் பணிக்காகத் தோண்டியபோது, 1812-ல் மாஸ்கோவிலிருந்து தோற்றுத் திரும்பும் வழியில் குளிரிலும் நோயிலும் மாண்ட 3,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன.

தெருவின் முடிவில் பேராலயச் சதுக்கம், தனியே நிற்கும் மணிக்கூண்டு, பின்னால் குன்றின்மேல் கெதிமினஸ் கோபுரம். சதுக்கத்தின் தரையில், மணிக்கூண்டுக்கும் பேராலயத்துக்கும் நடுவே, ஒரு வட்டக் கல்லைத் தேடுங்கள். அதில் ஸ்தெபுக்லாஸ் என்று எழுதியிருக்கும்; அற்புதம் என்று பொருள். அதன்மேல் நின்று மூன்று சுற்றுச் சுற்றி ஏதாவது வேண்டிக்கொள்வது இப்போதைய வழக்கம். அந்தக் கல் நினைவூட்டுவது 1989 ஆகஸ்ட் 23-ஐ. பால்டிக் நாடுகளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் ஒன்றியமும் செய்த இரகசிய ஒப்பந்தத்துக்கு அன்றோடு 50 ஆண்டுகள். வில்னியஸிலிருந்து ரீகா வழியாகத் தாலின் வரை, 600 கிலோமீட்டருக்கும் மேலாக, ஏறக்குறைய 20 லட்சம் பேர் கைகோத்து நின்றார்கள். அந்தச் சங்கிலியின் தெற்கு முனை இங்கே. ஏழு மாதம் கழித்து, 1990 மார்ச் 11 அன்று, லித்துவேனியா விடுதலையை அறிவித்தது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சமாளிக்க முடியுமா?

முடியும். ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு போக வேண்டும்: ஸ்பிர்குச்சியாய். பொரித்த பன்றிக் கொழுப்புத் துணுக்குகள். நாம் தேங்காய்ப்பூ தூவுவதைப் போல அவர்கள் உருளைக்கிழங்குப் பண்டம் எல்லாவற்றின்மேலும் இதைத் தூவுகிறார்கள். உணவுப் பட்டியலில் இறைச்சி என்று போட்டிருக்காது. தட்டில் வந்து உட்காரும். அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே "பே மேசோஸ், பே ஸ்பிர்குச்சூ" என்று சொல்லிவிடுங்கள். இறைச்சி இல்லாமல், அந்தத் துணுக்குகளும் இல்லாமல் என்று பொருள்.

அதற்குப் பிறகு சாப்பிட நிறைய இருக்கிறது. ஷால்திபார்ஷ்சியாய் என்ற குளிர்ந்த சூப்பைக் கோடையில் தவறவிடாதீர்கள். மோர் போலப் புளித்த பாலில் துருவிய பீட்ரூட், வெள்ளரிக்காய், சோயிக்கீரை கலந்து, கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பில் வரும். கூடவே ஒரு தட்டில் ஆவி பறக்கும் வேகவைத்த உருளைக்கிழங்கு. ஒரு வாய் குளிர்ச்சி, ஒரு வாய் சூடு என்று மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும். மோர் சாதத்தில் வளர்ந்த நாக்குக்கு அது உடனே பழகிவிடும். முட்டை போடுவார்கள், வேண்டாம் என்றால் "பே கியவுஷினியோ" என்று சொல்லுங்கள்.

செபெலினாய் என்பது உருளைக்கிழங்கு மாவில் பிடித்த, உள்ளங்கை நீளக் கொழுக்கட்டை. வழக்கமாக உள்ளே இறைச்சி இருக்கும்; பாலாடைக்கட்டி வைத்ததும் பல கடைகளில் கிடைக்கும். இரண்டு சாப்பிட்டால் அடுத்த வேளை பசிக்காது. உருளைக்கிழங்கு அடை, பாலாடைக்கட்டி அடை, பூண்டு தேய்த்துப் பொரித்த கம்பு ரொட்டி எல்லாமே வயிறு நிறைப்பவை. காளான் சூப் மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். இறைச்சி வேகவைத்த நீரில் செய்வதும் உண்டு.

காலை உணவுக்கு ஹாலெஸ் சந்தைக்குப் போங்கள். 1906-ல் கட்டிய இரும்புக் கூரைச் சந்தை. ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். அங்கே தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஒரு மூதாட்டி, துணியில் முடிந்து அழுத்திய பாலாடைக்கட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். முடிச்சின் மடிப்புகள் அப்படியே கட்டியின் முகத்தில் பதிந்திருந்தன. கத்தி முனையில் ஒரு துண்டை வெட்டி என் கையில் வைத்தார். வாங்குகிறேனா இல்லையா என்று கேட்கவில்லை. சோம்பு போன்ற விதை கலந்தது. அது காரவே என்று பிறகு தெரிந்துகொண்டேன். பாதிக் கட்டியும் ஒரு கம்பு ரொட்டியும் எனக்கு இரண்டு நாள் காலைக்குப் போதுமாக இருந்தன.

ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகும்?

விடுதியில் ஒரு வேளை சமைத்து, ஒரு வேளை வெளியே சாப்பிட்டு, ஓர் அருங்காட்சியகம் பார்த்தால், படுக்கை உட்பட எனக்கு 45 முதல் 50 யூரோ ஆனது. 2015 முதல் அங்கே யூரோதான். சந்தையில் மூதாட்டிகளிடம் வாங்கச் சில்லறை வேண்டும். மற்ற இடங்களில் கார்டு போதும்.

குழாய்த் தண்ணீர் நிலத்தடியிலிருந்து எடுத்தது, தயங்காமல் குடிக்கலாம். பாட்டில் பானம் வாங்கினால் 10 சென்ட் கூடுதலாக வசூலிப்பார்கள். காலி பாட்டிலைப் பேரங்காடி வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டால் அந்தப் பணம் திரும்ப வரும். பல அரசு அருங்காட்சியகங்களில் மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம். பெரும்பாலானவற்றுக்குத் திங்கள் விடுமுறை.

யூதர் வாழ்ந்த பழைய தெருக்களில் இப்போது பார்க்க என்ன இருக்கிறது?

என்னிடம் மிகக் குறைவாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் இந்த ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் யூதர். நூற்றுக்கும் மேற்பட்ட தொழுகைக்கூடங்கள், அச்சகங்கள், நூலகங்கள், இத்திஷ் மொழிக்கென 1925-ல் தொடங்கிய ஆய்வு நிறுவனம் எல்லாம் இருந்தன. லித்துவேனியாவின் ஜெருசலேம் என்று பெயர் பெற்ற ஊர். இன்று வழிபாடு நடக்கும் பழைய தொழுகைக்கூடம் பிலிமோ தெருவில் உள்ள ஒன்றே ஒன்று. 1630-களில் கட்டிய பெரிய தொழுகைக்கூடம் போரில் சிதைந்தது. எஞ்சியதைச் சோவியத் ஆட்சி 1950-களில் இடித்துவிட்டு அங்கே ஒரு பள்ளிக்கூடம் கட்டியது.

1941 செப்டம்பரில் நாஜிகள் பழைய நகரத்தின் நடுவே இரண்டு கெட்டோக்களை, அதாவது யூதர்களை அடைத்து வைக்கும் பகுதிகளை, அமைத்தார்கள். வோகியெச்சியு என்ற அகலமான தெருவின் இருபுறமும் இப்போது காபிக் கடைகள். அந்தத் தெருவின் ஒரு பக்கம் சிறிய கெட்டோ, மறு பக்கம் பெரிய கெட்டோ. பெரிய கெட்டோ இருந்த பக்கத்தில் ஜெமைதியோஸ் என்ற தெருவைத் தேடிப் போங்கள். அங்கேதான் கெட்டோவின் நூலகம் இருந்தது. பசியிலும் மரண பயத்திலும் அடைபட்டிருந்த மக்கள் அங்கே வரிசையில் நின்று புத்தகம் வாங்கிப் படித்தார்கள். 1942 டிசம்பரில், ஒரு லட்சமாவது புத்தகம் இரவல் போனதை அவர்கள் ஒரு விழாவாகவே கொண்டாடினார்கள். நூலகர் ஹெர்மன் க்ருக் கெட்டோவின் அன்றாடத்தை நாட்குறிப்பாக எழுதினார். 1944 செப்டம்பரில் எஸ்தோனியாவின் லகெதி முகாமில் அவரைக் கொன்றார்கள். எழுதியவற்றில் பெரும்பகுதி தப்பித்து நம் காலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தப் பகுதியில் நடக்கும்போது கண்ணை முதல் மாடி உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சில சுவர்களில் காரை உதிர்ந்த இடத்தில் பழைய கடைப் பெயர்கள் இத்திஷ் எழுத்திலும் போலந்து எழுத்திலும் தெரியும். நான் பார்த்த ஒரு சுவரில் எழுத்துகளின் கீழ்ப்பாதியை மட்டும் சாம்பல் வண்ணம் மூடியிருந்தது. மேல்பாதியில் தூரிகை திரும்பிய தடம்கூடத் தெளிவாக இருந்தது. நல்ல கை உள்ள ஒருவர் எழுதிய பெயர்ப்பலகை.

கெட்டோ மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டது பனேரியாய் காட்டில். நகரத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர். ரயிலில் பத்து நிமிடம், பிறகு தண்டவாளத்தை ஒட்டி ஒரு கிலோமீட்டர் நடை. எண்ணெய்த் தொட்டிகளுக்காகச் சோவியத்துகள் தோண்டிவிட்டுப் போன பெருங்குழிகளின் விளிம்பில் நிறுத்திச் சுட்டார்கள். சுமார் ஒரு லட்சம் பேர். அவர்களில் 70,000 பேர் யூதர்கள். உடல்களைத் தோண்டி எரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகள் கரண்டிகளாலும் வெறுங்கையாலும் சுரங்கம் தோண்டி, 1944 ஏப்ரல் 15 இரவில் தப்பிக்க முயன்றார்கள். சிலரே உயிர் பிழைத்தார்கள். அந்தச் சுரங்கம் இருந்த இடத்தை 2016-ல் மண்ணைத் தோண்டாமலே கருவிகளால் கண்டுபிடித்தார்கள். அரை நாள் ஒதுக்குங்கள். அன்று மாலைக்கு வேறு எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேஜிபி சிறை அருங்காட்சியகத்துக்குப் போகலாமா?

போக வேண்டும். குழந்தைகளோடு போகாதீர்கள். 1899-ல் நீதிமன்றமாகக் கட்டிய கட்டடம். நாஜிகளின் இரகசியக் காவல் துறையான கெஸ்டாப்போவும் சோவியத் உளவுத் துறையான கேஜிபியும் மாறி மாறிப் பயன்படுத்தின. நிலவறையில் சிறை அப்படியே இருக்கிறது: சத்தம் வெளியே போகாதபடி சுவரில் பஞ்சு அடைத்த அறை, குளிர்ந்த நீரின் நடுவே சிறு திட்டில் நிற்க வைத்த அறை, கடைசியில் மரண தண்டனை நிறைவேற்றிய அறை. அந்த அறையில் 1940-களிலிருந்து 1960-களின் தொடக்கம் வரை ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். வெளியே வந்ததும் கட்டடத்தின் அடிச்சுவரைப் பாருங்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர்.

நேரம் இருந்தால் 326 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரத்துக்கும் போய் வாருங்கள். அடிவாரத்தில் 1991 ஜனவரி 13 அன்று இறந்தவர்கள் விழுந்த இடங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் லொரெத்தா அசனவிச்சூத்தே என்ற 23 வயதுத் தையற்காரப் பெண்ணும் ஒருவர். சுற்றியுள்ள தெருக்களுக்கு அவர்களின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள்.

உஷூபிஸ் குடியரசு என்பது உண்மையா?

வில்னியா ஆற்றின் மறுகரையில் உள்ள சிறு பகுதி உஷூபிஸ். பெயரின் பொருளே ஆற்றுக்கு அப்பால் என்பதுதான். போருக்கு முன் யூதர்கள் நிறைந்திருந்தது, போருக்குப் பின் பாழடைந்து கிடந்தது. கூரை ஒழுகும் வீடுகளில் ஓவியர்கள் குடியேறினார்கள். 1997 ஏப்ரல் 1 அன்று தங்கள் தெருக்களைத் தனிக் குடியரசு என்று அறிவித்தார்கள். அவர்களுடைய அரசியல் சாசனத்தைப் பல மொழிகளில் பளபளக்கும் தகடுகளில் பொறித்து, பௌபியோ தெருச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். ஆற்றோரம் வாழ மனிதனுக்கு உரிமை உண்டு, மனிதனோரம் ஓட ஆற்றுக்கும் உரிமை உண்டு என்று தொடங்குகிறது அது. நாய்க்கு நாயாக இருக்கும் உரிமையும் அதில் உண்டு. காலையில் கூட்டம் வருவதற்கு முன் போய் நின்று முழுதும் படியுங்கள்.

லித்துவேனிய மொழி சமஸ்கிருதம் போல இருக்கும் என்கிறார்களே?

இன்று பேசப்படும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் பழைய வடிவங்களை மிகுதியாகக் காப்பாற்றி வைத்திருப்பது லித்துவேனியம் என்பது மொழியியலாளர் கருத்து. சமஸ்கிருதத்திலிருந்து அது பிறக்கவில்லை. இரண்டும் ஒரே மூதாதையின் வழி வந்தவை. தமிழ் வேறு குடும்பம். ஆனாலும் வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட சொற்களின் சாயல் அங்கே காதில் விழும்போது வியப்பாக இருக்கும். தியேவஸ் என்றால் தேவன், உக்னிஸ் என்றால் அக்னி, தந்திஸ் என்றால் பல்; நம் தந்தம். தூமகேதுவில் இருக்கும் தூமம் அவர்களுக்கும் புகைதான்: தூமஸ்.

"தியேவஸ் தாவே தந்திஸ், துவோஸ் இர் துவோனோஸ்" என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. கடவுள் பல்லைக் கொடுத்தார், ரொட்டியையும் கொடுப்பார். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று நாம் சொல்வதேதான். விடுதிச் சமையலறையில் இதைச் சொன்னபோது, உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த பெண் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எங்கே கற்றாய் என்று கேட்டு என்னை உட்காரவைத்தாள். வணக்கத்துக்கு "லாபஸ்", நன்றிக்கு "ஆச்சூ".

பெண்கள் தனியாகப் போகலாமா?

நான் தனியாகத்தான் போனேன். பழைய நகரத்தில் இரவு பதினொரு மணிக்கு நடந்து திரும்பியும் பயம் தோன்றவில்லை. ரயில் நிலையத்தைச் சுற்றி மட்டும் இரவில் குடித்துவிட்டு நிற்பவர்கள் இருப்பார்கள். அங்கே விரைந்து நடங்கள். அவசர எண் 112. பெலருஸ் எல்லை நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். காட்டுப் பாதையில் நடக்கும் ஆசையில் எல்லைப்பக்கம் போகாதீர்கள். கிளம்பும் முன் உங்கள் நாட்டு அரசின் பயண அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள்.

த்ராக்காய் கோட்டைக்குப் போய் வரலாமா?

கட்டாயம். 28 கிலோமீட்டர், பஸ்ஸோ ரயிலோ அரை மணி, முக்கால் மணி. ஏரி நடுவே தீவில் செங்கல் கோட்டை. மரப்பாலத்தில் நடந்து போக வேண்டும். ஊருக்குள், தெருவைப் பார்த்து மூன்று ஜன்னல் வைத்த மர வீடுகள் தெரியும். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் வீதாவுதஸ் என்ற ஆட்சியாளர் கிரிமியாவிலிருந்து அழைத்துவந்த, துருக்கிய மொழிக் குடும்பத்து மொழி பேசிய கராயிம் மக்களின் வீடுகள் அவை. அவர்களுடைய கிபினாய் நம் சோமாசி வடிவத்தில் இருக்கும், ஆட்டிறைச்சி வைத்தது. காய்கறி வைத்ததும் கேட்டால் கிடைக்கும்.

அம்பர் மணி வாங்கலாமா?

மரப்பிசின் இறுகிக் கல்லான மணி அது. கடைகளில் வாங்கலாம். தெருவோரத்தில் வாங்குவதாக இருந்தால், ஒரு தம்ளர் தண்ணீரில் நிறைய உப்பைக் கரைத்து மணியைப் போட்டுப் பாருங்கள்: அம்பர் மிதக்கும், பெரும்பாலான போலிகள் மூழ்கும்.

வில்னியஸிலிருந்து ரீகாவுக்கு எப்படிப் போவது?

2023 டிசம்பர் முதல் நேரடி ரயில் ஓடுகிறது. பஸ்கள் அதைவிட அதிகம். இரண்டுக்குமே நான்கு மணி நேரத்தை ஒட்டி ஆகும். நான் பஸ்ஸைத்தான் சொல்வேன். உக்மெர்கே, பனேவெஜிஸ், பஸ்வாலிஸ், எல்லை தாண்டி பௌஸ்கா என்று போகும் அந்தச் சாலையை ஒட்டித்தான் 1989-ல் மனிதச் சங்கிலி நின்றது. ஜன்னலோர இருக்கையாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். ஊர்களுக்கு நடுவே பல கிலோமீட்டருக்கு வயலும் பிர்ச் மரங்களும் மட்டுமே வரும். அந்த ஆள் இல்லாத இடங்களையும் நிரப்ப அன்று மக்கள் கார்களிலும் பஸ்களிலும் ஏறி வந்து நின்றார்கள்.